நான்காம் தரத்துக்கு வந்த தலைப்பட்டிகள்: யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் மூளைப் பயிற்சிக் கருவி, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு 2024 ஆம் ஆண்டு வலிகாமத்தில் உள்ள ஒரு கலவன் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் நடந்தது. பாடசாலையின் பெயரையும் பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் தவிர்த்திருக்கிறேன். ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியை என்ற முறையில் தொடக்கம் முதல் முடிவு வரை இதில் பங்குபற்றினேன்.

தரம் 4 இல் முப்பதுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. யாழ்ப்பாணத்தில் தரம் 4 படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் எல்லாருடைய நேரசூசியும் அந்தப் பரீட்சையைச் சுற்றியே அமைந்துவிடுகிறது. விடிய முன்னர் ஒரு ரியூசன், பாடசாலை விட்டபின் இன்னொன்று, வார இறுதியில் மாதிரி வினாத்தாள். பெற்றோர் கூட்டங்களில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட முறைப்பாடு ஒன்றுதான்: “பிள்ளைக்குக் கவனம் இல்லை, ரீச்சர்.”

வகுப்பாசிரியையும் அதையே சொன்னார். நீண்ட காலம் ஆரம்ப வகுப்புகளுக்குக் கற்பித்தவர் அவர், பிள்ளைகளைக் குறை சொல்லிப் பழகியவர் அல்ல. கரும்பலகையில் இருப்பதை எழுதச் சொன்னால் பாதியில் பென்சிலை வைத்துவிடுகிறார்கள், சொன்னதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு வேலையில் நிற்கிறார்கள் இல்லை என்று கவலைப்பட்டார். முந்தைய வகுப்புகளில் இந்த அளவுக்கு இப்படி இருந்ததில்லை என்றும் சொன்னார்.

இங்கே ஒரு விடயத்தைக் குறித்துவைக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் முதலாம் தரத்தில் சேர்ந்தது 2021 இல். பெருந்தொற்றால் பாடசாலைகள் நீண்ட காலம் மூடிக்கிடந்த ஆண்டு அது. அடுத்த ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் வந்தன. ‘அ’ எழுதக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய மாதங்கள் கைத்தொலைபேசித் திரையில் கழிந்தன. அந்தத் தொலைபேசியும் இல்லாத வீடுகளில் ஒன்றுமே இல்லாமல் கழிந்தன.

இந்த நிலையில் கனடாவில் வாழும் பழைய மாணவர்கள் சிலர் பத்துத் தலைப்பட்டிகளையும் அதே எண்ணிக்கையில் டேப்லெட்டுகளையும் அன்பளிப்பாக அனுப்ப முன்வந்தார்கள். நெற்றியில் அணிந்தால் பட்டி மூளையின் மின்னலைகளைப் படிக்கும், பிள்ளை விளையாடும்போதே கவனம் பயிற்றப்படும், நினைவாற்றல் கூடும் என்று விளம்பரத் தாள் சொன்னது. அனுப்பியவர்கள் போர்க்காலத்தில் இதே மண்டபத்தில் இருந்து படித்தவர்கள். தங்களுக்குக் கிடைக்காதது இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்ற விருப்பத்தைத் தவிர அவர்களிடம் வேறு நோக்கம் இருக்கவில்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது

மூளையின் மின்னியக்கத்தைத் தலைக்கு வெளியே இருந்து பதிவுசெய்ய முடியும் என்பதை ஜேர்மனிய மருத்துவர் ஹான்ஸ் பேர்கர் 1924 இல் செய்துகாட்டி 1929 இல் வெளியிட்டார். வைத்தியசாலைகளில் வலிப்பு நோயை அறிய எடுக்கப்படும் ஈஈஜி அதிலிருந்து வந்ததுதான். அங்கே தலை முழுவதும் பல மின்முனைகளைப் பசை தடவிப் பொருத்துவார்கள். எங்களுக்கு வந்த பட்டியில் நெற்றியில் ஒரு உலர் முனையும் காது மடலில் ஒரு கவ்வியும் மட்டும் இருந்தன.

விழிப்போடு ஒன்றில் ஈடுபட்டிருக்கும்போது நொடிக்கு 13 முதல் 30 தடவை வரை ஏறி இறங்கும் பீட்டா அலைகள் கூடுதலாகத் தெரியும். தூக்கக் கலக்கத்தில் 4 முதல் 8 வரையான தீட்டா அலைகள் மேலோங்கும். இவற்றின் விகிதத்தைக் கணித்து, ‘கவனம்’ என்ற பெயரில் நூறுக்குள் ஓர் எண்ணாகத் திரையில் காட்டுவதுதான் இவ்வகைக் கருவிகளின் அடிப்படை. எண் கூடினால் திரையில் ஒரு கார் வேகமாக ஓடும், குறைந்தால் நின்றுவிடும். காரை ஓடவைக்க முயன்று முயன்று பிள்ளை தன் மூளையைத் தானே கட்டுப்படுத்தப் பழகுகிறது என்பது எடுகோள். இதை நரம்புப் பின்னூட்டப் பயிற்சி என்கிறார்கள். டேப்லெட்டில் இதோடு நினைவாற்றல் விளையாட்டுகளும் இருந்தன. கட்டங்கள் ஒளிரும் வரிசையை நினைவில் வைத்து அதே வரிசையில் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் வரிசை நீளும்.

ஆய்வுகள் சொல்வது

பொதியைத் திறக்கும் முன்னர் அதிபர் என்னிடம், இதைப் பற்றி உலகத்தில் என்ன தெரிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லக் கேட்டார். அன்பளிப்பை மறுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வரவில்லை.

நினைவாற்றல் விளையாட்டுகளில் மிகுதியாக ஆராயப்பட்டது சுவீடனில் டோர்கெல் கிளிங்பேர்க் என்ற நரம்பியல் அறிஞரின் ஆய்வுகளிலிருந்து பிறந்த கொக்மெட் என்ற பயிற்சி. ஆரம்ப முடிவுகள் நம்பிக்கையூட்டின. பின்னர் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் நினைவாற்றல் குறைந்த 452 முதலாம் வகுப்புப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். வாசிப்பு, எழுத்து, கணிதம் எதிலும் பயிற்சி பெற்றவர்கள் முந்தியிருக்கவில்லை. 2016 இல் வெளியான ஆய்வு இது. அதற்கு முன்னரே, 2013 இல், மெல்பி லெர்வோக், ஹியூம் ஆகிய இருவரும் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருந்தார்கள்: பயின்ற விளையாட்டிலும் அதைப் போன்ற விளையாட்டிலும் திறமை கூடுகிறது, வாசிப்புக்கும் கணக்குக்கும் அது போய்ச் சேருவதில்லை.

நரம்புப் பின்னூட்டத்திலும் நிலைமை பெரிதாக வேறல்ல. கவனக்குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு உள்ள 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2021 இல் வெளியான ஆய்வில் ஒரு பகுதியினருக்கு உண்மையான பயிற்சியும் மற்றவர்களுக்கு முன்பே பதிவுசெய்த வேறு பிள்ளைகளின் அலைகளைக் கொண்ட போலிப் பயிற்சியும் கொடுக்கப்பட்டன. இரு சாராரிடமும் கவனம் மேம்பட்டது, ஏறக்குறைய ஒரே அளவில். பிள்ளையோடு ஒரு பெரியவர் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதும், முன்னேறுவாய் என்ற எதிர்பார்ப்பும், ஒழுங்கான நேரமும் அந்த மேம்பாட்டில் பெரும்பங்கு கொண்டிருக்கலாம் என்று நான் எண்ணுகிறேன். அதைச் சிறிய விடயமாக நான் கருதவில்லை. ஆனால் அதற்குத் தலைப்பட்டி தேவையில்லை.

மறுபக்கத்தையும் அதிபரிடம் சொன்னேன். 2020 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தக் கோளாறு உள்ள 8 முதல் 12 வயதினருக்கு எண்டெவர்ஆர்எக்ஸ் என்ற காணொளி விளையாட்டை அங்கீகரித்தது. கணினி மூலம் எடுக்கும் கவனச் சோதனையில் அது பலன் காட்டியிருந்தது. மருத்துவர் பரிந்துரைக்க வேண்டிய, மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய ஒன்றாகவே அதை அங்கீகரித்தார்கள். ஒரு வகுப்பு முழுவதற்கும் பொதுவாகக் கொடுப்பதற்கான அனுமதியாக அதைக் கொள்ள முடியாது. அதேவேளை, மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி நிறுவனம் ஆதாரமற்ற விளம்பரம் செய்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு தொடுத்த வழக்கை 2016 இல் 20 இலட்சம் டொலர் செலுத்தி முடித்துக்கொண்டது. 2019 இல் சீனாவின் செஜியாங் மாகாணத்து ஆரம்பப் பாடசாலை ஒன்றில் பிள்ளைகளுக்கு இத்தகைய பட்டிகளை அணிவித்த காட்சி வெளியானபோது, பிள்ளைகளைக் கண்காணிக்கும் செயல் என்று கண்டனம் எழுந்து அது நிறுத்தப்பட்டது.

பரீட்சித்துப் பார்ப்பதென்ற முடிவு

இவ்வளவும் தெரிந்திருந்தும் கருவியை ஏன் வகுப்புக்குள் விட்டோம் என்று கேட்பது நியாயம். பெற்றோர் சிலர் இதைப் போன்ற பட்டிகளைத் தாங்களே வாங்கப் புறப்பட்டிருந்தார்கள். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கத் துணிந்த தாயிடம் வெளிநாட்டு ஆய்வைக் காட்டி மறித்தால் அவர் கேட்கமாட்டார். தன் பிள்ளையின் வகுப்பில் என்ன நடந்தது என்று காட்டினால் கேட்பார். அதிபரும் வகுப்பாசிரியையும் நானும் அந்த எண்ணத்தோடுதான் சம்மதித்தோம். சில நிபந்தனைகளையும் வைத்தோம்.

ஆறு வாரம், வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம். அந்த நேரம் விளையாட்டு, சித்திரம், வாசிப்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படக் கூடாது. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், விருப்பமில்லாத பிள்ளை எந்த நாளும் பட்டியைக் கழற்றி வைக்கலாம். எந்தப் பத்துப் பேர் முதலில் பயன்படுத்துவது என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டே தீர்மானிப்போம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள் என்ற வேண்டுகோள் வந்தது, ஏற்கவில்லை. பட்டி கிடைக்காத பிள்ளைகள் அதே இருபது நிமிடமும் நூலக மூலையில் தங்களுக்குப் பிடித்த கதைப்புத்தகத்தோடு இருப்பார்கள்.

பலனைக் கருவியின் எண்ணைக் கொண்டு அளக்க மாட்டோம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பிள்ளை முன்பு பார்த்திராத ஒரு பந்தியை ஒரு நிமிடம் உரத்து வாசிக்கவைத்து, சரியாக வாசித்த சொற்களைக் குறித்துக்கொண்டோம். சிறு கணக்குத் தாள் ஒன்றைக் கொடுத்தோம். வகுப்பு நடக்கும்போது பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையும் சில நிமிடங்களில் என்ன செய்கிறது என்று குறிப்பெடுத்தோம். இந்த மூன்றாவது வேலையை அலுப்பான கடமை என்றே தொடங்கினோம். பின்னர் எல்லாவற்றையும் மாற்றியது அதுதான்.

தரவு பற்றிய சிக்கல் ஒன்றும் எழுந்தது. செயலி ஒவ்வொரு பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி ஆகியவற்றைக் கேட்டது. பதிவாகும் அலைகள் வெளிநாட்டுச் சேவையகம் ஒன்றுக்குப் போகும் என்று நிபந்தனைகளின் நடுவே எழுதியிருந்தது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒன்பது வயதுப் பிள்ளையின் மூளைப்பதிவை யாரோ வைத்திருக்க நாங்கள் எப்படிச் சம்மதிப்பது? பெயருக்குப் பதிலாகப் பூக்களின் பெயர்களைக் கொடுத்தோம், பிறந்த திகதிகளை மாற்றினோம், இணையத் தொடர்பைத் துண்டித்தே பயன்படுத்தினோம்.

அவதானித்தவை

முதல் நாளே எதிர்பாராத தடை வந்தது. நெற்றியில் திருநீறும் சந்தனமும் இருந்தால் முனை சமிக்ஞையைப் பிடிக்கவில்லை. ஈரத்துணியால் துடைக்க வேண்டியிருந்தது. மறுநாள் ஒரு பிள்ளையின் அம்மம்மா பாடசாலை வாசலுக்கு வந்துவிட்டார். காலையில் சாமி கும்பிட்டுத் தான் பூசிவிட்ட திருநீற்றைப் பள்ளிக்கூடத்தில் ஏன் அழிக்கிறீர்கள் என்று அமைதியாகத்தான் கேட்டார். வகுப்பாசிரியை அவரை உட்காரவைத்துப் பட்டியைக் கையில் கொடுத்து விளக்கினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பயிற்சி முடிந்ததும் மீண்டும் பூசிவிட ஒரு சிறு டப்பாவில் திருநீறு கொடுத்துவிட்டுப் போனார். அன்று முதல் அந்த டப்பா மேசை மீது இருந்தது. தோடு அணிந்த பெண்பிள்ளைகளுக்குக் காதுக் கவ்வி சரியாகப் பொருந்தவில்லை. பதினொரு மணி வெக்கையில் வியர்வை வழிந்தால் எண் தாறுமாறாக ஏறி இறங்கியது. இவை சில்லறை விடயங்கள் போலத் தெரியலாம். இருபது நிமிடப் பயிற்சிக்குப் பத்துப் பேரையும் தயார்ப்படுத்தவே அதில் பாதி நேரம் போனது என்பதை வாங்க நினைப்பவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் ஒரு மாணவனின் எண் மட்டும் எல்லாரையும் தாண்டி ஏறியது. வகுப்பில் ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்காத பிள்ளை அவன். கதிரையின் விளிம்பில் இருப்பான், கால் ஆடிக்கொண்டே இருக்கும், பக்கத்துப் பிள்ளையின் அழிறப்பர் எப்போதும் அவன் கையில் இருக்கும். அவனுடைய கார் மட்டும் நிற்காமல் ஓடியது. கருவி வேலை செய்கிறது என்று எல்லாரும் மகிழ்ந்தோம். நான் அவன் அருகில் போய் உட்கார்ந்து பார்த்தேன். கன்னத்தில் தசை இறுகி இறுகித் தளர்ந்தது, புருவம் மேலேறியது. கேட்டதும் ஒளிக்காமல் சொன்னான்: “பல்லைக் கடித்தால் கார் ஓடும், ரீச்சர். நெற்றியைச் சுருக்கினால் இன்னும் வேகமாக ஓடும்.”

அவன் சொன்னது சரி. தாடையும் நெற்றியும் இறுகும்போது தசைகளில் எழும் மின்னோட்டம் பீட்டா அலைகளின் எல்லைக்குள்ளும் விழும். ஒற்றை முனை கொண்ட மலிவான பட்டிக்கு மூளையையும் தசையையும் பிரித்தறிவது கடினம். எவராலும் சொல்லிக்கொடுக்கப்படாமல், தானே பரிசோதித்து, காரணத்தையும் விளைவையும் கண்டுபிடித்திருந்தான். கவனமில்லாத பிள்ளை என்று நாங்கள் எழுதி வைத்திருந்தவன் அவன். சில நாட்களில் அரைவாசிப் பேர் பல்லைக் கடிக்கத் தொடங்கினார்கள்.

ஆறு வார முடிவில் விளையாட்டுப் புள்ளிகள் எல்லாருக்கும் கூடியிருந்தன. ஒளிரும் கட்டங்களின் நீண்ட வரிசைகளைப் பலர் நினைவில் வைத்தார்கள். வாசிப்பிலும் கணக்கிலும் இரு பிரிவினரும் சிறிது முன்னேறியிருந்தார்கள். பட்டி அணிந்தவர்கள் முந்தியிருக்கவில்லை. ஒரு வகுப்பின் சிறிய எண்ணிக்கையைக் கொண்டு இந்தக் கருவி எங்கும் பயனற்றது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, நாங்களும் சொல்லவில்லை. எங்கள் அடுத்த முடிவு இந்தப் புள்ளிகளில் தங்கியிருக்கவும் இல்லை. அது அவதானக் குறிப்புகளில் இருந்து வந்தது.

குறிப்புகள் காட்டிய பிள்ளைகள்

குறிப்பேடுகளை மேசையில் பரப்பி வைத்துப் பிள்ளை பிள்ளையாகப் பார்த்தபோது, ‘கவனமின்மை’ என்று நாங்கள் ஒரே பெயரால் அழைத்தது ஒன்றல்ல என்பது தெரிந்தது.

ஒரு மாணவன் ஆசிரியை தன்னைப் பார்த்துப் பேசும்போது முழுக் கவனத்தோடு இருந்தான். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் யன்னலுக்கு வெளியே பார்த்தான். சொல்வதெழுதலில் ஆசிரியை அருகில் நின்றால் பிழை குறைவு, நடந்து பின்வரிசைக்குப் போய்விட்டால் ‘படம்’ ‘பழம்’ ஆகும். வாயசைவைப் பார்த்துத்தான் அவன் பாடத்தைப் பின்பற்றியிருக்கிறான். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளை என்று தாய் சொன்னார். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினோம். இரண்டு காதிலும் நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தது. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு பாடம் கேட்பது போல அந்தப் பிள்ளை மாதக்கணக்காக இருந்திருக்கிறான்.

ஒரு மாணவியின் கவன எண் எல்லாரிலும் குறைவாக இருந்தது. கருவி சொன்னது பிழையல்ல, தூக்கக் கலக்கத்தில் தீட்டா அலைகள் மேலோங்கத்தான் செய்யும். அதற்குச் செயலி தந்த தீர்வு இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக விளையாடு என்பதுதான். அவளிடம் பேசியபோது, காலை நான்கரைக்கு எழுந்து ரியூசனுக்குப் போகிறாள், இரவு பத்தரை வரை பயிற்சிப் புத்தகம் செய்கிறாள் என்று தெரிந்தது. 6 முதல் 12 வயது வரையானோருக்கு நாளுக்கு 9 முதல் 12 மணிநேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. அவளுக்குக் கிடைத்தது ஆறு மணிநேரம். தூக்கம் இல்லாத பிள்ளைக்குக் கவனப் பயிற்சி கொடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது? இதை எழுதும்போதும் எனக்கு மனம் கொதிக்கிறது. பெற்றோர் மீதல்ல, ஒன்பது வயதில் ஒரு பிள்ளையை இந்த ஓட்டத்தில் விட்டுவிட்டு அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருக்கும் எங்கள் ஊர் வழக்கத்தின் மீது.

நான்கு பிள்ளைகள் வாசிக்கவே திணறினார்கள். உயிர்மெய்க் குறிகளில் கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் நின்றுவிடுவார்கள், ‘கெ’, ‘கே’, ‘கொ’ குழம்பும். இரண்டாம் தரத்துப் பந்தியை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு நான்காம் தரத்துச் சுற்றாடல் பாடத்தில் கவனம் எப்படி நிற்கும்? ஒரு வரியின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் மறந்துபோயிருக்கும். 2021 இல் அவர்களுக்குக் கிடைக்காமல் போனது இப்போது கவனக்குறைவு என்ற முகத்தோடு திரும்பி வந்திருந்தது.

பல்லைக் கடித்துக் கார் ஓட்டிய மாணவனிடம் உண்மையிலேயே கவனக்குறைபாட்டின் அறிகுறிகள் இருந்தன. அந்தக் கோளாறு என்று முடிவு செய்ய, அறிகுறிகள் ஆறு மாதத்துக்கு மேலாக, வீடு, பாடசாலை போன்ற இரண்டு இடங்களிலாவது, 12 வயதுக்கு முன்பே தென்பட வேண்டும் என்பது மருத்துவ விதி. அதைத் தீர்மானிப்பது ஆசிரியரின் வேலையோ கருவியின் வேலையோ அல்ல. எங்கள் குறிப்புகளைக் கடிதமாக எழுதி, பெற்றோர் சம்மதத்தோடு சிறுவர் உளநல சிகிச்சைக்கு அனுப்பினோம். “பைத்தியம் என்று சொல்கிறீர்களா?” என்று தந்தை கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு சந்திப்புப் போதவில்லை.

இன்னொன்றும் எல்லாக் குறிப்புகளிலும் வந்திருந்தது: சத்தம். ஆரம்பப் பிரிவு ஒரு நீண்ட மண்டபம். வகுப்புகளுக்கு நடுவே தோளுயரத் தட்டிகள் மட்டும். பக்கத்தில் தரம் 3 வாய்ப்பாட்டைப் பாடத் தொடங்கினால் இங்கே பத்துத் தலைகள் ஒரே நேரத்தில் நிமிரும்.

எடுத்த முடிவுகள்

இரண்டாம் பிரிவினருக்குப் பட்டியைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தோம். காத்திருந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருந்தது. நினைவாற்றல் விளையாட்டைச் சில நாட்கள் விளையாடக் கொடுத்தோம், பயிற்சி என்ற பெயரில் அல்ல.

பெற்றோரை ஒன்றாகக் கூட்டிப் புள்ளிகளைக் காட்டிய பிறகு, குறிப்பிட்ட பிள்ளைகளின் பெற்றோரைத் தனித்தனியாகச் சந்தித்தோம். பொதுக் கூட்டத்தில் எந்தப் பிள்ளையைப் பற்றியும் பேசவில்லை. சிறிய ஊர் இது, ஒரு சொல் மாலைக்குள் சந்தை வரை போய்விடும். காதில் நீர் தேங்கிய மாணவனை முன்வரிசையில் ஆசிரியையின் முகம் தெரியும் இடத்தில் இருத்தினோம். வாசிக்கத் திணறிய நால்வருக்கும் ஒவ்வொரு நாளும் காலைக்கூட்டத்துக்குப் பின் சிறு குழுவாக வாசிப்பு. எழுத்து அட்டைகள், உரத்த வாசிப்பு, அன்று வாசித்த சொற்களைக் கொண்டே இரண்டு வசனம் எழுதுதல். தரம் 3 ஆசிரியையோடு பேசி, இரு வகுப்புகளும் வாய்விட்டுப் படிக்கும் பாடங்களை ஒரே நேரத்துக்கும் மௌன வேலையை ஒரே நேரத்துக்கும் நேரசூசியில் மாற்றினோம். இதற்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை. இந்த முடிவுகளில் உடனடியாகப் பலன் தெரிந்தது இதில்தான்.

பொதுச் சுகாதார பரிசோதகரை அழைத்து வகுப்பு முழுவதற்கும் கண்பார்வை பார்த்தோம். கண்ணாடி தேவைப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

பழைய மாணவர்களுக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினோம். முதலில் வருத்தப்பட்டார்கள், ஆறு வாரம் போதாது என்றார்கள். அவர்களில் ஒருவர் தொலைபேசியில் நீண்ட நேரம் வாதிட்டார். பல்லைக் கடித்த கதையைச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பிறகு, அப்படியானால் பிள்ளைகளுக்கு என்னதான் தேவை என்று கேட்டார். தட்டியை உயர்த்த வேண்டும், கதைப்புத்தகங்கள் வேண்டும் என்றோம்.

தொடர்ந்து நடந்தவை

காதில் நீர் தேங்கிய மாணவன் சிகிச்சையிலும் கண்காணிப்பிலும் இருந்தான். மூன்றாம் தவணையில் சொல்வதெழுதல் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. கை உயர்த்திப் பதில் சொல்லத் தொடங்கினான்.

தூக்கமின்றி வந்த மாணவியின் வீட்டில் இணக்கம் எளிதில் வரவில்லை. விடியற்காலை ரியூசனை நிறுத்தத் தாய் விரும்பினார், தந்தை விரும்பவில்லை. கடைசியில் இரவு ஒன்பதுக்கு விளக்கை அணைப்பது, விடியற்காலை வகுப்பை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைப்பது என்று சமரசம் செய்தார்கள். அவள் இப்போதும் சில நாட்களில் மேசையில் தலை வைக்கிறாள். அந்த நாட்களில் வகுப்பாசிரியை அவளை எழுப்புவதில்லை. அது சரியென்றே நான் நினைக்கிறேன்.

வாசிப்புக் குழுவில் மூவர் ஆண்டிறுதிக்குள் இரண்டாம் தரப் பந்தியைத் தடையின்றி வாசித்தார்கள். அதன்பின் அவர்களைப் பற்றிக் ‘கவனம் இல்லை’ என்ற முறைப்பாடு வகுப்பாசிரியையிடமிருந்து வரவில்லை. நான்காவது பிள்ளைக்கு முன்னேற்றம் மிகக் குறைவு. வாசிப்புக் குறைபாடு இருக்கலாம் என்ற எண்ணத்தில் மேலதிக மதிப்பீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

உளநல சிகிச்சைக்கு அனுப்பிய மாணவனின் தந்தை இரண்டு சந்திப்புகளுக்குப் பின் மருத்துவரிடம் போகச் சம்மதித்தார். மருத்துவர் வீட்டுக்கும் வகுப்புக்கும் தனித்தனி ஆலோசனைகள் தந்தார்: வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பது, இடையில் எழுந்து நடக்க ஒரு காரணம் உண்டாக்குவது, முடித்ததும் உடனே பாராட்டுவது. கரும்பலகையைத் துடைப்பதும் வரவுப் பதிவேட்டை அதிபரிடம் கொண்டுபோவதும் இப்போது அவனுடைய பொறுப்பு.

ஒரு குடும்பம் எங்கள் விளக்கத்தை ஏற்கவில்லை. தாங்களே ஒரு பட்டியை வாங்கி வீட்டில் தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள். அந்தப் பிள்ளையின் கண், காது சோதனைகளையாவது செய்துகொள்ள அவர்கள் சம்மதித்தது எனக்கு ஆறுதல்.

அடுத்த முறை செய்ய வேண்டியவை

கருவியோ விசேட பயிற்சியோ எது வந்தாலும் முதலில் பார்வை, செவி, தூக்கம், காலையுணவு, வாசிப்பு மட்டம் ஆகிய ஐந்தையும் பார்த்து முடித்த பின்னரே தொடங்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பாடசாலை மருத்துவப் பரிசோதனை இதில் சிலவற்றைச் செய்கிறது. அந்த நாளில் வராத பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அனுப்புவது பாடசாலையின் வேலையாக வேண்டும்.

அவதானிப்பவருக்கு எந்தப் பிள்ளை எந்தப் பிரிவு என்று தெரியாமலிருப்பது நல்லது. வகுப்பாசிரியைக்கு அது முடியாது. அயற்பாடசாலை ஆசிரியர் ஒருவரையோ ஆசிரிய ஆலோசகரையோ கேட்கலாம். அன்பளிப்புக் கொடுப்பவர்களோடு, பொருளை அனுப்பும் முன்னரே பேச வேண்டும். ‘எங்களிடம் இது இருக்கிறது’ என்று தொடங்கும் பேச்சைவிட ‘உங்களுக்கு எது குறைவாக இருக்கிறது’ என்று தொடங்கும் பேச்சு எல்லாருடைய பணத்தையும் நேரத்தையும் காப்பாற்றும். பிள்ளைகளின் தரவு எங்கே போகிறது என்பதற்கு எழுத்தில் பதில் வராத எந்தச் செயலியும் வகுப்புக்குள் வரக் கூடாது.

தலைப்பட்டிகள் பழைய மாணவர் சங்கத்தின் ஊடாகத் திருப்பி அனுப்பப்பட்டன. டேப்லெட்டுகள் உயர்தரப் பிரிவுக்குப் போயின. தரம் 3, தரம் 4 வகுப்புகளுக்கு இடையிலான தட்டி பலகை அடித்துக் கூரைவரை உயர்த்தப்பட்டிருக்கிறது. ஐந்து விடயங்களையும் பார்க்கும் ஒற்றைப் பக்கப் படிவம் ஒன்றைத் தயாரித்து, தரம் 3 இல் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டின் முதல் மாதத்திலேயே நிரப்பி வருகிறோம்.